டிக் போட்டது யார்?

விளம்பர மின்னஞ்சல் அனுப்புபவர்கள் பெறுநரின் ஒப்புதலை எப்படிப் பெறுகிறார்கள் என்று நேற்று ஒரு விவாதம் நடந்தது. "எங்கள் பட்டியலில் உள்ள அனைவரும் டபுள் ஆப்ட்-இன் (இருபடி ஒப்புதல்) செய்தவர்கள்" என்று மார்தட்டியவர்களிடம், அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டோம். படிவத்தில் முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் ஒன்று, பிறகு ஒரு வரவேற்பு மின்னஞ்சல் என்றார்கள். இரண்டுமே அவர்கள் செய்த வேலை. சந்தாதாரர் எதைச் செய்தார்?

டபுள் ஆப்ட்-இன் என்றால், முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போய், அதிலுள்ள இணைப்பை அந்த முகவரிக்கு உரியவரே அழுத்திய பிறகுதான் பட்டியலில் ஏற்ற வேண்டும். அழுத்தாவிட்டால் அடுத்த மடல் போகக்கூடாது. படிவத்தில் யாரோ தட்டிய முகவரி, அதற்கு உரியவரின் ஒப்புதல் ஆகாது.

ஓய்வுபெற்ற என் அப்பாவின் முகவரியை யாரோ ஒருவர் கடன் நிறுவனம் ஒன்றில் தவறுதலாகக் கொடுத்துவிட்டார். "நீங்கள் பதிவு செய்ததால் இம்மடல் வருகிறது" என்ற அடிக்குறிப்போடு கடன் விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. "நான் எங்கேயாவது கையெழுத்துப் போட்டுட்டேனாப்பா?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார். தெரியாத இணைப்பை அழுத்தாதீர்கள் என்று வங்கி எச்சரித்திருந்ததால், அன்சப்ஸ்கிரைப் இணைப்பை அழுத்தி மடலை நிறுத்தவும் அவருக்கு அச்சம்.

அமெரிக்கச் சட்டம் முன் ஒப்புதலே கேட்கவில்லையே என்பார்கள். உண்மைதான், அங்கே 2003-ஆம் ஆண்டின் கேன்-ஸ்பேம் சட்டப்படி, வேண்டாம் என்றவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்கிவிட வேண்டும். கனடாவில் பொருள் வாங்கியவருக்கு இரண்டு ஆண்டுகள் அனுப்பலாம், ஆனால் அதை மறைமுக ஒப்புதல் என்று தனியாகவே அழைக்கிறார்கள். நீங்களும் டபுள் ஆப்ட்-இன் என்று பெயர் சூட்டாமல், கேட்காமல் அனுப்புகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போங்களேன்! முன்கூட்டிய டிக் செல்லாது என்று பிளானட்49 என்ற நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத் தெளிவான செயலால் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

உறுதிசெய்யச் சொன்னால் பலர் அழுத்த மாட்டார்களாம். அழுத்தாதவர் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொன்னதற்கு நேற்று என்னைத் தொழிலுக்கு எதிரி என்றார்கள். இதே தொழிலில்தான் எனக்கும் சோறு. மடல் அனுப்பும் ஒரே சர்வரைப் பலர் பகிரும்போது, ஒருவர் கேட்காமல் அனுப்பி அந்த சர்வரின் பெயரைக் கெடுத்தால், முறையாகக் கேட்டுக் காத்திருந்து அனுப்பும் சிறு கடைக்காரரின் மடலும் ஸ்பேமில் விழுகிறது. அந்த நட்டத்தை அவர் யாரிடம் போய்க் கேட்பார்?