எனக்கு 1970-களின் டென்னசி பாஸ் வேண்டும்

கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டான ரயில் சிமுலேட்டரில் புதிய பாதை வருகிறது என்றால் நான் முதலில் தேடுவது அது எந்த வருடத்துப் பாதை என்பதைத்தான். எந்த ஊர், எத்தனை மைல் எல்லாம் அப்புறம். அமெரிக்கச் சரக்குப் பாதை என்றால் பெரும்பாலும் இன்றைய காலம்தான் கிடைக்கிறது. கேபினுக்குள் கணினித் திரை, வண்டிக்கு நடுவிலும் பின்னாலும் ரேடியோவில் இயங்கும் ஆளில்லா இஞ்சின்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனசு கேட்பது 1950-லிருந்து 1980 வரையிலான டீசல் காலத்தை. டிரெயின் சிம் வேர்ல்டு என்ற சிமுலேட்டரில் அமெரிக்காவின் கிளிஞ்ச்ஃபீல்டு பாதை வந்தபோது அந்த எஃப்7 டீசல் இஞ்சினை விட்டு இறங்கவே மனம் வரவில்லை. அதுபோல இன்னும் பத்துப் பாதை வர வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் தருவோம் என்றால், டென்னசி பாஸ் என்ற மலைக் கணவாய். பெயரில்தான் டென்னசி, இருப்பது கொலராடோ மாநிலத்து மலையில். ரியோ கிராண்டே கம்பெனியின் பழைய பாதை. உச்சியில் இருக்கும் சுரங்கம் 10,000 அடிக்கும் மேலே. மின்டர்ன் என்ற சின்ன ஊரிலிருந்து கிழக்கு நோக்கி ஏறும்போது 3 சதவீத ஏற்றம், அதாவது நூறடி போவதற்குள் மூன்றடி உயரம். மெயின் லைனுக்கு அது மிகக் கடுமையான ஏற்றம். 1996-ல் யூனியன் பசிபிக் என்ற ரயில் கம்பெனியின் கைக்குப் போன இந்தப் பாதையில், 1997-ல் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மலைமேல் தண்டவாளம் இன்றும் கிடக்கிறது, ரயில்தான் இல்லை. ஓடுகிற பாதையை நேரில் போய்ப் பார்க்கலாம், யூடியூபிலும் பார்க்கலாம். இந்த ஏற்றத்தில் ஒரு நிலக்கரி வண்டியை ஏற்றிப் பார்க்க வேண்டுமென்றால் சிமுலேட்டரை விட்டால் வேறு வழியே கிடையாது.

அந்த ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். மின்டர்னில் வண்டியை நிறுத்தி, பின்னாலிருந்து தள்ளும் பேங்கர் இஞ்சின்களைச் சேர்க்கிறார்கள். அதற்குத் தனி டிரைவர். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் அறிந்து ஏற்ற வேண்டும். பின்னால் இருப்பவர் வளைவில் அளவுக்கு மீறித் தள்ளினால் பெட்டி தடம் புரளும், முன்னால் இருப்பவர் வெடுக்கென்று இழுத்தால் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் அறுந்துவிடும். இஞ்சினின் சக்தியைக் கூட்டும் த்ராட்டில் கடைசிப் படியான எட்டாவது நாட்ச்சில் இருக்கிறது, வண்டியோ ஊர்கிறது. அப்போது டிரைவரின் கண் கரண்டைக் காட்டும் அம்மீட்டரை விட்டு நகராது. வேகம் குறையக் குறைய சக்கரத்தைச் சுற்றும் டிராக்ஷன் மோட்டாருக்குள் போகும் கரண்ட் ஏறும். முள் குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் அங்கே இத்தனை நிமிடம்தான் நிற்கலாம் என்று கணக்கு உண்டு. அதற்கு மேலும் இழுத்தால் மோட்டார் கருகிவிடும். நான் ஓட்டிய பல சிமுலேட்டர்களில் இந்தச் சூடே கிடையாது. எட்டில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். மலை ஏறுவதன் உயிரே அங்கே போய்விடுகிறது.

இந்த மலைகளுக்கென்றே ஒரு இஞ்சின் இருந்தது, எஸ்டி40டி-2. சுரங்கத்துக்குள் முன் இஞ்சின்களின் சூடான புகை மேலே தேங்கும். அதனால் ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கும் வாயைக் கீழே, நடைபலகை மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கியது ரியோ கிராண்டேவும் சதர்ன் பசிபிக் குழுமமும்தான். இதைச் செய்து தருகிறவர்கள் அந்தக் குளிர்விப்பையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இன்றைய வரைபடத்தின் மேல் பழைய பெயின்ட் அடித்த இஞ்சினை நிறுத்தினால் காலம் மாறிவிடாது. கடைசியில் ஆள் உட்கார்ந்திருக்கும் கபூஸ் பெட்டி வேண்டும், நம்மூர் கார்டு வேன் மாதிரி. இன்னொரு பாதை தருவதாக இருந்தால் டிரெயின் ஆர்டரில், அதாவது எழுதித் தரும் உத்தரவுச் சீட்டின்படி ஓடிய பாதையாகத் தாருங்கள். ஸ்டேஷனில் நிற்காமல் போகும்போது, கழியில் கட்டி நீட்டிய உத்தரவுச் சீட்டை ஓடுகிற இஞ்சினிலிருந்து கை நீட்டி வாங்க வேண்டும். மீட்டர் கேஜில் டோக்கன் வளையம் வாங்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்த நொடி எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் கேட்டு வளர்ந்த டபிள்யூடிஎம்-2 டீசல் இஞ்சின் அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்புதான். 1962-ல் அங்கிருந்து வந்தது, 1964 முதல் வாரணாசியில் செய்தார்கள். ஈரோட்டில் அது கிளம்பும்போது முதலில் குபுக்கென்று கரும்புகை வரும், அப்புறம் அந்தத் தடதட சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும். அதனால் சிமுலேட்டரில் ஆல்கோ என்று சொல்லி வேறு இஞ்சின் சத்தத்தைப் போட்டால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். தயவுசெய்து உண்மையான ஒலியைப் பதிவு செய்து போடுங்கள்.

முழுப் பாதையும் முடியாது என்றால் பரவாயில்லை. மின்டர்ன் யார்டு, வழியில் ரெட் கிளிஃப் ஊர், உச்சிச் சுரங்கம், அவ்வளவுதான், இருபது மைல் சொச்சம். அம்மீட்டர் உண்மையாக இருக்கட்டும், பேங்கரில் நண்பன் ஒருவன் ஏறி என்னோடு சேர்ந்து தள்ளும் வசதி இருக்கட்டும். முழு விலை கொடுத்து அன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன்.