டாலர் தான் சித்தி

(மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பொழுது சாய்கிற நேரம். திண்ணையில் அப்பாயி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். எதிரே ஏழாம் வகுப்புப் பேத்தி இங்கிலீஷ் நோட்டுடன். நாளைக்குக் காலாண்டுப் பரீட்சை. கரண்டும் இருக்கிறது, அதனால் தப்பிக்க வழியில்லை.)

பேத்தி: (சத்தமாக) அம்மா இஸ் டாலர் தான் சித்தி.

அப்பாயி: (கீரையைப் போட்டுவிட்டு) யாருடி உனக்குச் சொன்னது?

பேத்தி: எதை?

அப்பாயி: சித்தி டாலர் விஷயத்தைத்தான். குறுவைக்கு உரம் வாங்கக் காசு புரளவில்லை. பாவம், அவள்தான் சங்கிலியில் கிடந்த டாலரைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக்கடையில் இருக்கிறது. அறுப்பு முடிந்ததும் மீட்டுவிடுவோம். உன் அம்மா காதில் மட்டும் போட்டுவிடாதே, புண்ணியமாகப் போகும்.

பேத்தி: அப்பாயி, டாலர் என்றால் 'இன்னும் உயரம்'. டால், டாலர், டாலஸ்ட். அம்மா சித்தியைவிட உயரம் என்று படித்தேன்.

அப்பாயி: 'தான்' என்று அழுத்திச் சொன்னாயே?

பேத்தி: அது இங்கிலீஷ் 'தான்'. 'விட' என்று அர்த்தம்.

அப்பாயி: (கீரையை மறுபடியும் எடுத்துக்கொண்டு) சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ ஒன்றும் கேட்கவில்லை. மேலே படி.

பேத்தி: சின்ன வார்த்தை என்றால் கடைசியில் 'அர்', 'எஸ்ட்' சேர்க்க வேண்டும். பெரிய வார்த்தை என்றால் முன்னால் மோர்.

அப்பாயி: மோரா? வெயிலுக்கா?

பேத்தி: ஐயோ, எம் ஓ ஆர் இ மோர்! பியூட்டிஃபுல், மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட் பியூட்டிஃபுல்.

அப்பாயி: புரிகிறது. சின்ன ஆளுக்குப் பின்னால் ஒரு வால். பெரிய சாமி புறப்பட்டால் முன்னால் நாகஸ்வரம்.

பேத்தி: ரெண்டையும் சேர்த்துப் போட்டால் மார்க் போச்சு. 'மோர் டாலர்' என்று எழுதக் கூடாது.

அப்பாயி: பின்னே? நாகஸ்வரமும் வைத்து வாலும் வைக்க ஆஞ்சநேயரால்தான் முடியும்.

பேத்தி: ஷேக்ஸ்பியர் வைத்திருக்கிறார். ஜூலியஸ் சீசர் நாடகத்தில் 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்று எழுதியிருக்கிறாராம். மிஸ் சொன்னார்கள்.

அப்பாயி: அவருக்கு மார்க் போட்டார்களா?

பேத்தி: அவர் காலத்தில் அப்படி எழுதுவார்களாம். இப்போது நான் எழுதினால் முட்டைதான். அப்புறம் சில வார்த்தைகள் எதற்கும் அடங்காது. குட் இருக்கிறதா, அது...

அப்பாயி: குட்டர், குட்டஸ்ட்.

பேத்தி: இல்லை. பெட்டர், பெஸ்ட். பேட் என்றால் வொர்ஸ், வொர்ஸ்ட்.

அப்பாயி: அதென்னடி, குட்டுக்குப் பிள்ளை பிறந்தால் ஜாடையே இல்லாமல் பெட்டரா? பக்கத்து வீட்டில் விசாரிக்கச் சொல்.

(இந்த இடத்தில் பேத்தி சிரிக்கவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் யாருக்குச் சிரிப்பு வரும்?)

பேத்தி: குறுவை இஸ் ஷார்ட்டர் தான் சம்பா. இது சரியா?

அப்பாயி: இதை நான் திருத்தலாம். குறுவைக்கு ஏடிடி 43 நெல் போட்டால் 110 நாளில் கதிர் வீட்டுக்கு வரும். சம்பாவுக்கு ஆயிரத்து ஒன்பது ரக நெல் போட்டால் 155 நாள் காத்துக் கிடக்க வேண்டும். ஷார்ட்டர்தான். முழு மார்க்.

பேத்தி: ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் இஸ் டாலர்...

அப்பாயி: அந்த வார்த்தையை மெதுவாகச் சொல். உள்ளே உன் அம்மா இருக்கிறாள்.

பேத்தி: (கிசுகிசுப்பாக) ...டாலர் தான் தஞ்சாவூர் விமானம். அது 236 அடி, இது 216 அடி.

அப்பாயி: அந்தக் கோபுரத்தை 1987இல் முடித்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு உன் அப்பனை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தேன். ராஜராஜன் 1010இல் கிரேன் இல்லாமல் கல்லை ஏற்றியிருக்கிறான். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி முழம் போடுகிறாயா? நம் ஊரில் எப்படிச் சொல்லி வைத்தார்கள்? திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாகிவிட்டது. எந்த ஊர்க்காரனாவது சண்டைக்கு வந்தானா?

பேத்தி: அது எல்லாமே பாசிட்டிவ் டிகிரி அப்பாயி.

அப்பாயி: எனக்குத் தெரிந்த டிகிரி கும்பகோணத்தில் டம்ளரில் கொடுப்பார்கள்.

பேத்தி: கடைசிக் கேள்வி. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி மூன்று டிகிரியிலும் மாற்ற வேண்டும். எழுதிவிட்டேன். 'அம்மா வைக்கிற மீன் குழம்பு சித்தி குழம்பைவிட டேஸ்டியர்.'

அப்பாயி: அடிப்பாவி. தீபாவளிக்குச் சித்தி வருவாள், நோட்டைப் புரட்டுவாள். மாற்று.

பேத்தி: பாசிட்டிவில் மாற்றினால், 'சித்தி குழம்பு அம்மா குழம்பு அளவுக்கு டேஸ்டி இல்லை.'

அப்பாயி: இதற்குப் பெயர் பாசிட்டிவா? முன்னதில் அவளைக் கிள்ளினாய், இதில் அறைந்துவிட்டாய்.

பேத்தி: அப்படியானால் சூப்பர்லேட்டிவ். அம்மாவுடையது 'தி டேஸ்டியஸ்ட் ஆஃப் ஆல்'. சித்தி பெயரே வராது.

அப்பாயி: ஆல் என்றால்?

பேத்தி: எல்லாரிலும்.

அப்பாயி: (உருவுவதை நிறுத்திவிட்டு) அந்த எல்லாரில் நானும் உண்டா?

(பேத்தி பதில் சொல்லவில்லை. பென்சிலைச் சீவ ஆரம்பிக்கிறாள். அது ஏற்கெனவே சீவிய பென்சில்.)

அப்பாயி: உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்தபோது புளியை எப்படிக் கரைப்பது என்று என்னிடம்தான் கேட்டாள்.

பேத்தி: இரு, இரு. 'ஒன் ஆஃப் தி டேஸ்டியஸ்ட்' என்று போட்டுவிடுகிறேன். ரொம்ப ருசியான குழம்புகளில் அம்மாவுடையதும் ஒன்று.

அப்பாயி: அந்த வரிசையில் எத்தனை பேர் உட்காரலாம்?

பேத்தி: எத்தனை பேர் வேண்டுமானாலும். ஆனால் பின்னால் வருகிற பெயர் பன்மையில் இருக்க வேண்டும். கறி இல்லை, கறீஸ்.

அப்பாயி: இவ்வளவு வசதியான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டா இத்தனை நேரம் குடும்பத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாய்? அதையே எழுது.

(போன் அடிக்கிறது. நீடாமங்கலத்திலிருந்து சித்தி.)

அப்பாயி: (போனில்) ஆமாம்மா, சாப்பிட்டோம். என்னமோ சாப்பிட்டோம், போ. உன் மீன் குழம்பு மாதிரி இந்த வீட்டில் யாருக்கு வருகிறது? சரிம்மா, வைக்கிறேன்.

பேத்தி: 'நோ அதர்'!

அப்பாயி: என்னது?

பேத்தி: 'உன்னைப் போல் வேறு யாரும் இல்லை.' பார்க்கப் பாசிட்டிவ், உள்ளே சூப்பர்லேட்டிவ். காலையில் அம்மாவிடமும் இதையேதான் சொன்னாய்.

அப்பாயி: அது காலையில்.

பேத்தி: அப்பா நாளைக்குத் திருவையாறு பக்கம் போகிறார். எனக்கு அசோகா அல்வா வாங்கிவரச் சொல்.

அப்பாயி: எதற்கு? பரீட்சையை முதலில் எழுது.

பேத்தி: அம்மா வந்து ஒப்பிக்கச் சொல்வாள். முதல் வாக்கியத்தைச் சத்தமாகப் படிப்பேன்.

அப்பாயி: படியேன். உயரம்தானே?

பேத்தி: ஸ்பெல்லிங்கும் சொல்லுவேன். டி ஓ எல் எல் ஏ ஆர்.

அப்பாயி: (வாசலைப் பார்க்கிறாள், சமையலறையைப் பார்க்கிறாள்) கால் கிலோ போதுமா?

பேத்தி: அரைக் கிலோ இஸ் பெட்டர்.

அப்பாயி: (பெருமூச்சுடன்) பெட்டர்தான்.