நத்தார் மேசைக்கு 21 பேர்

நேற்று இரவு சாப்பிட்டு முடிந்ததும் அம்மாவும் நானும் குசினி மேசையில் பழைய கொப்பி ஒன்றை விரித்து வைத்து, டிசம்பர் 25ஆம் திகதி, நத்தார் இராச்சாப்பாட்டுக்கு வருகிற ஆட்களின் பெயரை எழுதினோம். 21 பேர். கறி ஒன்றின் பெயர்கூட இன்னும் எழுதவில்லை. மூன்று வருடத்துக்கு முன் வரை எங்கள் வீட்டில் இது மறுபக்கமாகத்தான் நடக்கும். கோழி, ஆட்டிறைச்சி, இறால், கணவாய், கட்லட் என்று முதலில் கறிகளை அடுக்கி, காசைக் கணக்குப் பார்த்து, கடைசியில்தான் யார் யார் வருவார்கள் என்று யோசிப்போம். அது பிழை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். நத்தாருக்கு ஆயத்தமாகிற எல்லாரிடமும் முதலில் ஆட்களை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு.

மட்டக்களப்பில் நிறையப் பேருடையதைப் போல எங்களுடையதும் கலந்த குடும்பம். அம்மா வீடு புளியந்தீவு, கத்தோலிக்கர். என் கணவர் வீட்டார் பெரியகல்லாற்று மெதடிஸ்தர். தங்கச்சி கலியாணம் கட்டியது ஆரையம்பதியில் ஒரு சைவக் குடும்பத்தில். மார்கழியில் பிள்ளையார் பெருங்கதையும் திருவெம்பாவையும் வரும். நத்தார் அநேகமாக இந்த இரண்டு விரதத்தில் ஒன்றுக்குள்தான் விழும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வருடம் யோசிக்கவில்லை. மரக்கறியும் இருக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மேசையில் 12 பாத்திரம். சம்பலுக்குள் மாசிக் கருவாடு. கத்தரிக்காய்க்குள் நெத்தலி. பருப்புக்குள் யாரோ இறைச்சிக் கரண்டியை விட்டிருந்தார்கள், மேலே சிவப்பு எண்ணெய் ஒரு வளையமாக மிதந்தது. தங்கச்சியின் மாமியார் அந்த வளையத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெறுஞ்சோற்றை ஒரு கரண்டி போட்டு, தயிர்ச்சட்டியைக் கிட்ட இழுத்து, தயிரை விட்டு மெதுவாகப் பிசைந்தார். "எனக்கு இது நல்லாப் போதும் பிள்ளை" என்றார். என் முகம் வாடக் கூடாது என்பதற்காகச் சொன்ன சொல் அது. அதன் பிறகு என் கோப்பையில் இருந்த ஆட்டிறைச்சி எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை.

இப்போது நத்தாரன்று எங்கள் அடுப்பில் முதலில் ஏறுவது மரக்கறி. அதற்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி வெட்டுப்பலகை. கஜுக்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், நெத்தலி போடாத கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பாலாணம், மாசி இல்லாத தேங்காய்ச் சம்பல். எல்லாவற்றையும் முடித்து, மூடி, சாமி அறைப் பக்கம் கொண்டுபோய் வைத்த பிறகுதான் இறைச்சி குசினிக்குள் வரும். அப்புறம் ஒரு விஷயம். இந்தச் சாப்பாட்டைச் சைவக்காரருக்கு என்று சொல்லி மேசையின் ஒரு மூலையில் வைக்கக் கூடாது. நடுவில் வைக்க வேண்டும், எல்லாரும் போட்டுச் சாப்பிட வேண்டும். கஜுவை முதல் நாள் இரவே ஊறவைத்து, மஞ்சளும் கறுவாப்பட்டையும் ரம்பையும் போட்டு, முதற்பாலில் வற்றவிட்டு இறக்கிப் பாருங்கள். போன வருடம் எங்கள் வீட்டில் முதலில் வழித்துத் துடைக்கப்பட்ட சட்டி அதுதான்.

இறைச்சியையும் இப்படித்தான் யோசித்தோம். என்னோடு படிப்பிக்கிற காத்தான்குடி ரீச்சர் ஒருவர் 11 வருடமாக எனக்குக் கூட்டாளி. நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் எங்களுக்கு வராத வருடம் இல்லை. நத்தாருக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் சோடாவும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் போவார். எனக்கு அது எவ்வளவு கவலை தெரியுமா? இதற்குச் செய்ய வேண்டியிருந்தது மிகச் சின்ன வேலை. கோழியும் ஆட்டிறைச்சியும் அவருடைய ஊரில் ஹலாலாக அறுத்ததை வாங்குவது, கேக்குக்குப் பிராண்டி விடாமல் இருப்பது. பன்றிக்கறி இல்லாமல் நத்தாரா என்று கேட்ட சித்தப்பாவுக்கு அதைப் புதுவருடத்தன்று சமைத்துக் கொடுத்தோம். போன வருடம் ரீச்சரும் அவர் கணவரும் பிள்ளைகளும் எங்களோடு இருந்து சோறு சாப்பிட்டார்கள். அவருடைய சின்ன மகன் கேக்கில் மூன்றாவது துண்டு கேட்டான்.

பிராண்டி இல்லாவிட்டால் கேக்கில் ருசி இருக்காது என்பார்கள். எங்கள் அனுபவம் வேறு. டிசம்பர் முதல் கிழமையில் பழம் வெட்டுவோம். சுல்தானா, பேரீச்சம்பழம், செரி, இஞ்சித் தோசி, பூசணித் தோசி எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கி, தோடம்பழச் சாறும் தேனும் கொஞ்சம் ரோஸ் எசன்ஸும் விட்டுப் பிரட்டி, போத்தலில் அடைத்து பிரிட்ஜில் வைப்போம். ரவை வறுப்பது அம்மாவின் வேலை, அதை யாரிடமும் கொடுக்கமாட்டார். வெறும் தாச்சியில், மெல்லிய நெருப்பில், கை நிறுத்தாமல் கிளறுவார். நிறம் மாறக் கூடாது, மணம் வர வேண்டும். சூடு ஆறுமுன் பட்டரைப் போட்டுப் பிசைந்து இரவு முழுக்க மூடி வைப்பார். 250 கிராம் ரவைக்கு 250 கிராம் பட்டர், 250 கிராம் கஜு, 12 முட்டையின் மஞ்சட்கரு. இந்த அளவை அம்மம்மாவுக்கு டச்பார் என்ற இடத்தில் இருந்த ஒரு பறங்கி அன்ரி வாயால் சொல்லிக் கொடுத்தாராம். அம்மம்மா எழுதி வைக்கவில்லை. அம்மாதான் பிறகு எழுதினார். நேற்று பெயர்கள் எழுதினோமே, அதே கொப்பியில். தங்கச்சியின் மாமியாருக்காக முட்டை சேர்க்காமல், எங்கள் ஊர் எருமைத்தயிர் விட்டு, ஒரு சின்னத் தட்டுக் கேக் தனியாக வேகும்.

குசினி, போறணை, மேசை, பாண், தோசி, வினாகிரி, ஏன், நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் அவர்கள் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். 10 வருடம் கையில் இருந்த கோட்டை போய்விட்டது, அந்தச் சொற்களோடுதான் நாங்கள் இன்றைக்கும் சமைக்கிறோம். இணையத்தில் படம் பார்த்துவிட்டு நத்தாருக்கு வான்கோழி வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். எங்கள் மேசையில் தூர தேசம் நூற்றாண்டுக் கணக்காக இருக்கிறது. அதற்கென்று தேடி அலைய வேண்டியதில்லை.

மீனைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. மாரியில் கடல் பொங்கிக் கிடக்கும், தோணிகள் ஒழுங்காகப் போகாது, விலை ஏறிவிடும். கிடைத்தால் வாவி இறால் வாங்குவோம், கிடைக்காவிட்டால் இல்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம். அவருக்குப் பாணி விடாத தயிரும் பப்பாசியும்.

அடுத்தது நேரம். நாங்கள் நடுச்சாமப் பூசை முடித்து, பாலன் குடிலடியில் பிள்ளைகள் படம் எடுத்து, வீட்டுக்கு வர விடியப்புறம் இரண்டு மணியாகும். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் புனித மரியாள் பேராலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஐயா சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, சில வருடம் அம்மா எங்களை இரவில் அனுப்பவில்லை, காலைப் பூசைக்குத்தான் போனோம். இப்போது பழையபடி இரவில் போகிறோம். கணவர் வீட்டாருக்கோ காலையில்தான் ஆராதனை. அது முடிந்து அவர்கள் பெரியகல்லாற்றிலிருந்து மழைக்குள் வர வேண்டும். இத்தனை பேரையும் மத்தியானம் 12.30க்கு ஒரு மேசையில் இருத்துவது ஆகாத காரியம். வந்தவர்கள் தூங்கி வழிவார்கள், வராதவர்களுக்காகச் சோறு ஆறும். அதனால் பெரிய சாப்பாட்டை மாலை 6.30க்கு மாற்றினோம். காலையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டுகள் போகும், மத்தியானம் பாணும் மிச்சக் கறியும், பிறகு கொஞ்சம் தூக்கம்.

களைப்பைப் பார்த்து ஒரு வருடம் கடையில் பிரியாணி ஓடர் பண்ணியும் பார்த்தோம். 12.30க்கு என்று சொன்னது 3.40க்கு வந்தது. சோறு கட்டிபட்டுக் கிடந்தது, கோழி எலும்படியில் வேகவில்லை. பிள்ளைகள் அதற்குள் பிஸ்கட் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிவிட்டார்கள். கடைச் சாப்பாடே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தனி ஆளாக இருப்பவர்களுக்கு, ஏலாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எங்கள் 21 பேரில் யாருக்கு எது ஒத்துவராது என்பது எந்தக் கடைக்கும் தெரியாது.

சரி, இப்போது அம்மாவுக்கு வருகிறேன். அவருக்கு 67 வயது. நத்தாரன்று அவர் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டதை அண்மைக்காலம் வரை நான் பார்த்ததே இல்லை. எல்லாருக்கும் சூடாகப் போக வேண்டும் என்று அப்பச்சட்டியடியில் நிற்பார். ஒவ்வொன்றாகச் சுட்டுச் சுட்டு அனுப்புவார். கடைசியில் எங்கள் கோப்பைகளைக் கழுவ எடுக்கும்போது, அடிச்சட்டியை வழித்து நின்றபடியே இரண்டு வாய் சாப்பிடுவார். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதனால் நேற்று கொப்பியில் 1ஆம் இலக்கத்தில் அம்மாவின் பெயரை நான் எழுதினேன். நத்தார் இரவுக்கு அப்பம் இல்லை. தங்கச்சி கொஞ்சம் முறுகினாள், பரவாயில்லை, அப்பத்தை வேறொரு நாள் சுடலாம். கட்லட் ஐந்தரைக்குள் பொரித்து முடிக்க வேண்டும். மஞ்சள்சோறு என் கணவர் பொறுப்பு, அவர் கைக்குச் சோறு குழையாது. தேங்காய் துருவுவதும் பிழிவதும் தம்பி. அச்சாறு மச்சாள் கொண்டுவருவார். சாப்பிட்ட பிறகு கழுவுவது ஆம்பிளைகள். 6.30க்கு எல்லா அடுப்பும் நூர்ந்திருக்க வேண்டும், அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செபம் சொல்லிச் சோற்றில் முதல் கரண்டி அம்மாதான் போடுவார்.

21ஆவது பெயர் பெரிய மாமா, அம்மாவின் தமையன். அவர் வீடு கடலோரத்து நாவலடியில் இருந்தது. 2004 நத்தாருக்கு அவரும் மாமியும் இரண்டு மகள்மாரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். போகும்போது அம்மா கேக் பெட்டி ஒன்று கட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் காலையில் கடல் வந்தது. மாமா மட்டும் மிஞ்சினார். அதற்குப் பிறகு பல வருடம் அவர் எந்த நத்தாருக்கும் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கூப்பிடக் கூப்பிட ஒரு வருடம் வந்தார், கதவுக்குக் கிட்ட உள்ள கதிரையில் இருந்தார், கொஞ்சம் சாப்பிட்டார். இப்போது ஒவ்வொரு வருடமும் வருகிறார். அந்தக் கதிரையை அவருக்கு என்று விட்டிருக்கிறோம்.

26ஆம் திகதி காலை 9.25க்கு நாடெங்கும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். நாங்கள் அதற்கு முன்பே கல்லடிப் பாலம் கடந்து மாமாவோடு நாவலடியில் நிற்க வேண்டும். அதனால் எங்கள் நத்தார் மேசை இரவு ஒன்பது மணிக்குள் எடுபட்டுவிடும். பாட்டு, ஆட்டம் எல்லாம் அதற்குள்தான். எப்போது முடிப்பது என்பதையும் அந்த 21 பேரைப் பார்த்துத்தான் வைத்தோம்.

நேற்று எழுதி முடித்ததும் அம்மா மாமாவுக்குக் கோல் எடுத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வாறன் தங்கச்சி. தயிர் நீங்க வாங்க வேணாம், நான் கொண்டாறன்" என்றார். அம்மா கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, பெயர்களுக்குக் கீழே முதல் சாப்பாட்டை எழுதினார். தயிர், இரண்டு சட்டி, அண்ணன்.