மார்க் குறைந்ததும் முதலில் எதைப் பிடுங்குகிறோம்?

காலாண்டுத் தேர்வு மார்க் வந்ததும் பல வீடுகளில் ஒரே தீர்ப்புதான். "நாளையிலிருந்து கிரவுண்டு கிடையாது. அவனுங்களோட சுத்துறதை நிறுத்து. காலையில நாலரைக்கு எழுந்திரு." பள்ளியிலும் பத்தாவது, பிளஸ் டூ என்றால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். எல்லாமே அக்கறையில் செய்வதுதான். ஆனாலும் ஆசிரியையாக இதை என்னால் ஏற்க முடியவில்லை.

படிப்பில் சரிகிற எல்லாப் பிள்ளைகளும் சோம்பேறிகள் இல்லை. சிலருக்கு இருப்பது மனச்சோர்வு. இந்த வயதில் அது அழுகையாகத்தான் வரும் என்றில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார்கள். வயிற்றுவலி, தலைவலி என்று லீவு போடுவார்கள். உயிராக இருந்த கிரிக்கெட்கூடப் பிடிக்காமல் போகும். நாம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நெருக்குகிறோம்.

என் வகுப்பில் ஒரு பையன், நோட்டில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு போடுகிறவன். தீபாவளி லீவுக்குப் பிறகு தேதிகூட எழுதவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிடுவான். கேட்டால், "பசிக்கல டீச்சர்." மெல்லப் பேசிப் பார்த்ததில், அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறார், இவன் விடிய விடிய முழித்துக் கிடக்கிறான். அவனுக்கு வேண்டியிருந்தது ஸ்பெஷல் கிளாஸ் இல்லை, மனநல மருத்துவர். அம்மா அழைத்துப் போனார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான்.

வீட்டில் குடி, அடி, பள்ளியில் கேலி, சாதியைச் சொல்லிக் குத்துவது, குடும்பத்தில் முன்பே யாருக்காவது மனச்சோர்வு இருப்பது என்று காரணங்கள் பல. பருவமடைந்த பிறகு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. இதையெல்லாம் ஒரே நாளில் மாற்ற முடியாது, சரி. தூக்கத்தை மாற்றலாமே? 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில் தூக்கம் வருவதே இயல்பாகத் தாமதமாகும். டியூஷன், ஹோம்வொர்க் எல்லாம் முடித்துப் பதினொன்றரைக்குப் படுக்கிற பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரம்தான் மிஞ்சும். தூக்கம், ஓட்டம், நண்பர்கள் மூன்றும் மனச்சோர்வுக்கு அரண். மார்க் குறைந்ததும் நாம் பிடுங்குவது இந்த மூன்றையும்தான்.

மாற்றம் முடியாததும் இல்லை. 2017-இல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது. தேர்வில் தவறியவர்களுக்கு ஒரு வருடம் வீணாகாமல் துணைத்தேர்வு இருக்கிறது. ஆனால் தெருமுனையில் மார்க்கோடு பிளெக்ஸ் வைப்பதைப் பல பள்ளிகள் இன்னும் விடவில்லை.

உங்கள் பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் நான் முதலில் சொன்ன அறிகுறிகளோடு இருந்தால் மருத்துவரிடம் போங்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.