கேஷும் காசும் உறவா?

'கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து போனது' என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாதிதான் சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன.

கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அந்த கேஷுக்கு மூலம் லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் 'கப்சா' (நம்ம ஊர் கப்சா இல்லை!). அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முதலில் பணப்பெட்டியையும் அப்புறம் உள்ளே இருந்த பணத்தையும் குறித்தது. கல்லாவில் உட்காரும் கேஷியரும் அந்தக் குடும்பம்தான்.

இன்னொரு கேஷ்தான் நம்முடையது. காசு, போர்ச்சுகீசியர் வாயில் 'கைஷா' ஆகி, ஆங்கிலேயரிடம் கேஷ் ஆனது. சில்லறை நாணயம் என்று மட்டுமே பொருள். அன்றைய மதராஸில் 80 காசு ஒரு 'பணம்' (அப்போது இது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். நடுவில் ஓட்டையுள்ள சீனச் செப்புக் காசுக்கும் ஆங்கிலேயர் இந்தப் பெயரையே வைத்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் 1808ஆம் வருடத்து 20 காசு நாணயம் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'. இந்தக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிவிட்டது. மதராஸுக்கு வர வேண்டிய சில்லறை!