'தயாரில்லை' என்று ஒரு ரிப்போர்ட்

ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சை செய்யும் டாக்டர் ஒருவரின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "விதை நல்லா இருந்தா போதுமா, நிலம் தயாரா இருக்கணும்ல?" என்று அவர் சிரிக்கிறார். கருப்பை உள்சுவரிலிருந்து துளி சதையை எடுத்து ஒரு பயாப்ஸி பார்த்தால், கருப்பை எந்த நேரத்தில் கருவை ஏற்கும் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாமாம்.

துல்லியமாக! சரி.

கருப்பை உள்சுவரின் 238 மரபணுக்களை வைத்து ஸ்பெயினின் வாலென்சியாவில் உருவாக்கிய ஈ.ஆர்.ஏ. டெஸ்ட் இது. 2011இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. கரு ஒட்டிக்கொள்ள மாதத்தில் சில நாட்கள்தான் வாசல் திறந்திருக்கும். அந்த நாட்களுக்கான அடையாளத்தை 1950லிருந்தே மைக்ராஸ்கோப்பில் தேடுகிறார்கள். தேடட்டும், நானா வேண்டாம் என்றேன்? கிடைத்துவிட்டது என்று விற்காதீர்கள் என்கிறேன்.

2022இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில் 767 பேர். டெஸ்ட் சொன்ன நேரத்தில் கரு வைத்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் 58.5 சதவீதம். வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9. இதைச் சொன்னாரா அவர்?

எனக்கும் எடுத்தார்கள். "கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றார் நர்ஸ். கொஞ்சம்! அந்த மாதம் முழுக்க மருந்து உண்டு, டிரான்ஸ்ஃபர், அதாவது கருவை உள்ளே வைப்பது, கிடையாது. ஒத்திகையாம். ரிப்போர்ட்டில் 'ப்ரீ-ரிசெப்டிவ்'. அடுத்த மாதம் கருவை 12 மணி நேரம் தள்ளி வைத்தார்கள். நெகட்டிவ்.

அந்த ஆங்கில வார்த்தையை என் கணவர் அவர் அம்மாவுக்குத் தமிழில் சொன்னார்: "கருப்பை இன்னும் தயாராகலையாம்." அவ்வளவுதான். நாத்தனார் மகள் வளைகாப்புக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. "பாவம், அவளை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?" கணவரின் விந்தணு ரிப்போர்ட்டை மட்டும் இதுவரை யாரும் தமிழில் சொல்லவில்லை.

"டாக்டரைவிட உனக்குத் தெரியுமா?" தெரியாது. அவருக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்லட்டும் என்கிறேன். "என் தங்கைக்கு இந்த டெஸ்ட் எடுத்துத்தான் பிறந்தது." ரொம்ப சந்தோஷம். எடுக்காதவர்களுக்கும் பிறந்திருக்கிறது, மேலே அந்த 61.9ஐ இன்னொரு தடவை பாருங்கள். "அது பலமுறை தோற்றவர்களை வைத்துச் செய்த ஆய்வு இல்லையே?" நியாயமான கேள்வி. ஆனால் வீடியோவில் அவர் முதல் தடவை வருபவர்களையும் சேர்த்துத்தானே கூப்பிட்டார்?

அப்புறம் அந்த நிலம், விதை. நிலம் ஊசி போட்டுக்கொள்ளாது சார். நிலத்துக்கு வலிக்காது. பக்கத்து வீட்டில் வளைகாப்பு நடந்தால் நிலம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராது.

"உனக்கு உபயோகமா இருக்கும்" என்று அந்த வீடியோவை இன்பாக்ஸில் அனுப்பிய ஒன்பது பேருக்கும்: பார்த்துவிட்டேன்.