ஒரு இ.இ.ஜி. போதாது
மனித மூளையின் மின் அலைகளை முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர் பற்றிய இந்தக் கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் ‘மூளை அலைப் பதிவு (இ.இ.ஜி.) சரியாக வந்தால் வலிப்பு நோய் இல்லை’ என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. என் தம்பி பாம்பனில் நாட்டுப்படகில் போனவன். இரண்டு முறை படகிலேயே வலிப்பு வந்து விழுந்தான். முதல் இ.இ.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. அதை நம்பி மறுபடி கடலுக்கு அனுப்பினோம், மூன்றாவது முறையும் வந்தது. அப்புறம் வேறொரு டாக்டர், ராத்திரி முழுக்கத் தூங்காமல், தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் குளித்துவிட்டு வரச் சொன்னார். விடிய விடிய நானும் அவனும் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி முடிப்பதற்குள் அவனுக்குக் கண் சொருகிவிட்டது. அந்தத் தூக்கத்தில்தான் வலிப்பு நோயைக் காட்டும் கூர்முனை அலைகள் பிடிபட்டன. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் அரைமணி நேரப் பதிவில் எதுவும் சிக்காமல் போவது சாதாரணம். பெர்கரே 1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் முதல் பதிவை எடுத்தும், திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு 1929-இல்தான் வெளியிட்டார். மேலே கருத்து எழுதிய ஒருவர், வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். தம்பி இப்போது மாத்திரை தவறவிடுவதில்லை, கரையில் மீன் எடைபோடும் வேலை பார்க்கிறான்.